சுகந்தான் என்ற பொத்தான்

1

போன வியாழக்கிழமையோடு என் அக்காவுக்கு வலது கால் போய் ஒரு வருடம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆள் போனால் திதி உண்டு, பூசை உண்டு, நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு உண்டு. கால் போனதற்கு ஒன்றும் கிடையாது. நான் வழக்கம்போல லீட்ஸில் காலை பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். முன்பின் தெரியாத ஒரு கிழவர் கைபேசியில் ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுவதைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். கையில் நொடிக் கடிகாரம் வைத்துக்கொண்டு அதை நாள் முழுக்கப் பார்த்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் இதுவரை விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல" என்று சொன்னால் போதும், பாறசாலையில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கைபேசிச் செயலிகளைச் செய்கிற கம்பெனிகள் எங்களிடம் அவற்றைத் தருவார்கள். நாங்கள் சாதாரண மனிதர்களை உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, "இதைச் செய்யுங்கள்" என்போம். எத்தனை நொடி ஆகிறது, எத்தனை முறை தப்பாகத் தொடுகிறார்கள், கட்டைவிரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று எல்லாவற்றையும் அளப்போம். கடைசியில் பத்துக் கேள்வி கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொல்வோம். இதில் ஒரே ஒரு சட்டம்தான் வேத வாக்கு: உதவி செய்யக் கூடாது. எதிரில் இருப்பவர் கண்ணில் தண்ணீர் விட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அளவு கெட்டுவிடும்.

பதினான்கு வருடம் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பழகியவன் நான். அக்காவின் கால் போனதில் இந்த வேலைக்குப் பங்கு உண்டு. அதை நான் சொல்லியே ஆகவேண்டிய ஓர் இடமும் இருந்தது. அங்கே சொன்னேனா இல்லையா என்பதுதான் இந்தக் குறிப்பு. படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

2

லீலா அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். உதியன்குளங்கரையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி வீடு. அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அண்டியாபீஸில் முப்பது வருடம் முந்திரிப்பருப்பு உடைத்து என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தவள் அவள்தான். முந்திரித் தோடு கக்கும் அண்டிப் பாலில் வெந்து கறுத்த விரல்கள் இன்னும் வெளுக்கவில்லை. சுகர் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. கேரளத்தின் தென்கோடி எங்கள் ஊர்; ரேஷன் கார்டு மலையாளம், வேதப்புத்தகம் தமிழ். மலையாளம் மழைபோலப் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் பஸ் போர்டைத் தாண்ட மாட்டாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஒரு நாள் என் மேலாளர் கேரன் ஒரு புதுச் செயலியைக் கொண்டுவந்தாள். ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்காகச் செய்தது. தினமும் காலையில் போன் மணியடித்து நலமா என்று கேட்கும். அவர்கள் ஒரு பொத்தானைத் தொட்டால், வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய போனில் பச்சைப் புள்ளி விழும். உதவி வேண்டுமென்றால் வேறொரு பொத்தான், அதற்குச் சிவப்பு. பல மொழிகளில் விற்கப்போகிறார்கள், தமிழும் உண்டு. சோதித்துப் பார்க்க வயதான தமிழர்கள் வேண்டும் என்றாள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். விடுப்பில் ஊருக்குப் போவதாக இருந்தது. வேலைக்கு வேலை, பயணச்செலவும் கம்பெனியுடையது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்களே, நான் கம்பெனிச் செலவில் வைத்துக்கொண்டேன்.

3

அக்கா வீட்டு முன்னறையில் நடந்தது சோதனை. மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லாரும் என்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவர்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு பக்கச் சம்மதப் படிவம் கொடுத்தேன். அக்கா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"வாசிச்சுப் பாரு அக்கா. சட்டமாக்கும்."

"நீ தந்தா வெஷமாவா இருக்கப் போவுது? இஞ்ச கொண்டா, எங்க ஒப்பு வைக்கணும்?"

முதல் சுற்று படுதோல்வி. திரையில் "நான் நலமாக இருக்கிறேன்" என்று ஒரு பொத்தான், "எனக்கு உதவி தேவைப்படுகிறது" என்று இன்னொன்று. எங்கள் ஊரில் யார் இப்படிப் பேசுவார்கள்? பக்கத்து வீட்டு ராஜமணி மாமன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கோயிலில் வேதப்புத்தகத்திலிருந்து நிருபம் வாசிப்பதுபோல எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்து முடித்து யோசித்தார். "நலம்னு அப்படித் தீர்த்துச் சொல்லவும் முடியாது மக்கா, இடுப்பு வேதனை உண்டு" என்றார். அந்தத் தயக்கத்தை நான் என் தாளில் தவறு என்று குறித்துக்கொண்டேன். அதுதான் அந்தச் சோதனையிலேயே உருப்படியான ஒரே பதில் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அன்றே லீட்ஸுக்கு எழுதினேன்: இது புத்தகத் தமிழ், மாற்றுங்கள். போன் "சுகந்தானா?" என்று கேட்கட்டும். ஒரு பொத்தானில் "சுகந்தான்" என்றும் மற்றதில் "சுகமில்ல" என்றும் இருக்கட்டும். இரண்டே நாளில் மாற்றித் தந்தார்கள்.

அடேயப்பா, இரண்டாம் சுற்றைப் பார்க்க வேண்டுமே! போன் கேட்டு வாய் மூடும் முன்னே விரல் போய் விழுந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஒருவரும் தப்பாகத் தொடவில்லை. பத்துக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து. "கொள்ளாம் மக்கா, நல்ல சாதனம்" என்றார் ராஜமணி மாமன். இடுப்பு வேதனை எங்கே போயிற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேரன் அனுப்பிய பாராட்டுக் கடிதத்தை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏன் இவ்வளவு சிரிப்பு என்றும் கேட்கவில்லை. அளக்கத் தெரிந்தவனுக்குக் கேட்கத் தெரியாது போலிருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு பேரும் எட்டு மாதம் தினமும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஏற்பாடு. நான் திரும்பி வந்துவிட்டேன்.

4

முன்பெல்லாம் தினமும் அக்காவைக் கூப்பிடுவேன். இங்கே காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் அவளுக்கு மத்தியானம். என்ன கறி, மழை உண்டா, கோழி முட்டையிட்டதா என்று ஒன்றுமில்லாத பேச்சு. பச்சைப் புள்ளி வந்தபிறகு அது எப்போது நின்றது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எழுந்ததும் போனைப் பார்ப்பேன். பச்சை. சரி, அக்கா சுகம். ஒரு நாள்கூடப் பிசகாமல் விழுந்தது. புள்ளியைப் பார்த்தபின் கூப்பிடுவது வீண்வேலை என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது என் மகள் ஜெனியையும் இழுத்து உட்காரவைப்பேன். பதினைந்து வயது. அத்தையை எங்கள் பக்கத்தில் மாமி என்போம்; அதைத் தவிர அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ் இரண்டு சொல்.

"சுகமா மாமி?"

"சுகந்தான் மக்களே. நீ சுகந்தானா?"

"சுகந்தான்."

அதோடு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அக்காவுக்கு அதுவே போதும். ஜெனி எழுந்து போனதும், "பிள்ளை என்னமா மலர்ந்துட்டா" என்பாள். நானும் பூரித்துப் போவேன். போனில் தெரிந்தது முகம். கீழே, கட்டிலிலிருந்து தொங்கியபடி, துணி சுற்றி ஒரு கால் இருந்தது.

ரப்பர் விளையில் கண்ணாடித் துண்டு குத்தியதாம். சுகர் உள்ளவளுக்குப் பாதம் மரத்துப் போயிருந்தது, குத்தியதே தெரியவில்லை. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டியிருக்கிறாள். பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் காலையில் போன் கேட்டிருக்கிறது, அவளும் பதில் சொல்லியிருக்கிறாள். கம்பெனியின் பதிவில் எல்லாம் அப்படியே இருக்கிறது. பத்தொன்பது பச்சைப் புள்ளிகள்.

5

கண்டுபிடித்தது மீன் கொண்டுவரும் ஸ்டெல்லா. கடற்கரைக்காரி, எங்கள் பக்கம் இருபது வருடமாக வருகிறாள். தலையிலிருந்து மீன் சருவத்தை இறக்கி வைத்தவள் மூக்கைச் சுளித்திருக்கிறாள்.

அக்கா முந்திக்கொண்டு, "மீன் பழசா ஸ்டெல்லா?" என்று கேட்டாளாம்.

"எனக்கக் கிட்டயாக்கும் வெளையாட்டு? இது காலம்பற வலையில கெடந்த மீன். இந்த நாத்தம் எனக்க மீனுக்கு இல்ல. காலைக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்லடி. சாரமில்ல."

"காட்டுங்கன்னு சொன்னேன்."

துணியை அவிழ்த்துப் பார்த்தவள், மீனை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்திருக்கிறாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் போன் செய்ததும் ஸ்டெல்லாதான். அப்போது நான் வேலையில் இருந்தேன். "தம்பி, ஒடனே வாங்க. காலு கறுத்துப் போச்சு" என்றாள். எனக்கு முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "காலையில பச்சை விழுந்துதே!"

அந்தப் பெண்பிள்ளை "காலு தம்பி, காலு" என்று மறுபடியும் சொன்னாள். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

விடுப்புக் கேட்கப் போனால் அது ஒரு கூத்து. அவசர விடுப்புக்கான திரையில் தகப்பன், தாய், மனைவி, பிள்ளை என்று வரிசையாக இருந்தது. அக்கா இல்லை. "மற்றவர்" என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் "உங்கள் கோரிக்கை ஐந்து வேலைநாட்களில் பரிசீலிக்கப்படும்" என்று வந்தது. என்னைப் படிக்கவைத்தவள் "மற்றவர்" ஆகிவிட்டாள். "தாய்" என்பதைத் தொட்டுவிட்டு விமானம் ஏறினேன். அது பொய் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

6

நான் போய்ச் சேரும்போது காலை எடுத்து முடித்திருந்தார்கள். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போர்வைக்கடியில் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் பாதியில் முடிந்தும் இருந்தது. மூன்றாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

"எதுக்கு அக்கா தெனமும் அதை அமுக்கினே? மத்தது ஒண்ணு இருந்துதே, சுகமில்லன்னு."

"எலே, அது சுகந்தானான்னு கேட்டுது. ஒருத்தர் சுகந்தானான்னு கேட்டா பின்ன என்ன சொல்லுவாவ? காலு அழுகுதுன்னா சொல்லுவாவ?"

"சொல்லணும் அக்கா. அதுக்குத்தானே அது."

"அதை அமுக்கினா ஒனக்குச் செவப்பு விழும்னு நீதானே சொன்னே. நீ அங்க கெடந்து வெப்ராளப்படுவே. பச்சை விழுந்தா ஒனக்கு ஒரு சமாதானமாக்கும்னு நெனச்சேன்."

நான் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அழுவதைப் பார்த்ததும் அவள் என்னைத் தேற்றப் புறப்பட்டாள். தேற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொன்னாள்.

"அது ஒனக்க சாதனத்துக்க குற்றமில்ல மக்கா. அது நல்ல சாதனம். நீ ரெண்டாவது வாட்டி பரீட்ச வைக்கதுக்கு மின்னே நான் எல்லாரையும் வீட்டுல வரச்சொல்லி, நீ எனக்க போன்ல மின்னாடியே போட்டுத் தந்ததைக் காட்டிக் குடுத்தேன். எனக்க தம்பிக்க வேலைக் காரியமாக்கும், ஆரும் முழிக்கப்பிடாது, சுகந்தானை அமுக்கணும், எல்லாத்துக்கும் அஞ்சு போடணும்னு. ராஜமணி மாமனுக்கு மட்டும் நாலு தடவ சொல்ல வேண்டி வந்து, கேட்டியா."

நடுநடுவே சிரித்தாள். ஊரே சேர்ந்து தம்பியைப் பரீட்சையில் தேறவைத்த பெருமை அவளுக்கு. என் அளவுகள், என் வரைபடங்கள், கேரனின் பாராட்டு எல்லாம் அக்கா வீட்டில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. ஒத்திகை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அதை இன்னொரு சோதனையில் சரிசெய்துவிடலாம். அந்தச் சொல்லை வைத்தவன் நான். புத்தகத் தமிழ் இருந்தபோது மனிதர்கள் நின்று யோசித்தார்கள். "இடுப்பு வேதனை உண்டு" என்று உண்மை வெளியே வந்தது. நான் யோசிக்கவே வேண்டாத சொல்லைக் கொண்டுவந்து வைத்தேன். எங்கள் ஊரில் சாகக் கிடக்கிறவரிடம் கேட்டாலும் அந்தச் சொல்தான் வரும், அது பதில் இல்லை, மரியாதை. வெள்ளைக்காரனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவனே செய்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்றுகூடச் சொல்ல முடியாது. அதில் பிடித்தவனுக்காவது பிள்ளையார் ஆசை இருந்தது. எனக்கு இருந்தது நொடியைக் குறைக்கும் ஆசை.

7

இறுதி அறிக்கைக்கு மூன்று வாரம் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும் அன்று அக்காவிடம் சொன்னேன், நடந்ததை எல்லாம் அதில் எழுதப்போகிறேன் என்று.

"எழுதினா ஒனக்க வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"வரலாம்."

"பின்ன எழுதாண்டாம். எனக்க காலு போயாச்சு. அதை எழுதினா முளைச்சா வரப்போவுது? நான் அண்டி ஒடச்ச வேலையாக்கும் ஒனக்க வேலை. அதைக் கொண்டுபோய்க் களையாத."

அக்கா சொன்னதால்தான் எழுதவில்லை என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது சாக்கு. அவள் எழுது என்று சொல்லியிருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்கடன், ஜெனியின் படிப்பு, ஐம்பதை நெருங்கும் வயதில் யார் வேலை தருவார்கள் என்ற பயம், எல்லாம் வரிசையில் நின்றன. எங்கள் அறிக்கையில் பாதியில் விலகியவர்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: விலகியவர் ஒருவர். காரணம், தனிப்பட்டது.

செயலியைச் செய்தவர்கள் வந்து உட்கார்ந்த கூட்டத்தில் அதே அறிக்கையை நானே திரையில் காட்டினேன். அவர்களில் ஒருவர், நரைத்த தலை, சாந்தமான முகம், கையைத் தூக்கிக் கேட்டார்: இந்த எட்டு மாதத்தில் பயன்படுத்தியவர்கள் யாருக்காவது ஏதாவது கெடுதல் நேர்ந்ததா? நான் தொடக்கத்தில் சொன்ன இடம் அதுதான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "இல்லை" என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதமே விற்பனைக்கு வந்துவிட்டது, அந்தச் சொல்லோடு, அந்தப் பொத்தானோடு. இப்போது தமிழ் பேசும் நாடுகளிலெல்லாம் போகிறது என்கிறார்கள்.

அக்காவுக்கு ஒரு செயற்கைக் கால் வைத்திருக்கிறார்கள், புண்ணாக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலில் நடக்கிறாள். நான் மறுபடியும் தினமும் கூப்பிடுகிறேன். சுகமா என்று கேட்பதில்லை. காலைக் காட்டு என்பேன். மிச்சமிருக்கும் காலைத் தூக்கிப் போன் முன்னால் பிடிப்பாள், பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் காட்டுவாள். "ஒனக்கு வேற ஒரு சோலியும் இல்லியா?" என்று ஏசிக்கொண்டே காட்டுவாள்.

8

கால் போன நாளான அந்த வியாழக்கிழமை கிழவரின் படத்தைப் பார்த்தே போயிற்று. இதையெல்லாம் எழுதவைத்தது அதற்கு மறுநாள் வந்த ஒரு போன். ஸ்டெல்லா. அக்காவிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருந்தாள். அவளுக்கு ஒரே மகன், மஸ்கட்டில் இருக்கிறான். போன மாதம் வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"தம்பி, எனக்க மகன் போன்ல ஒரு சாதனம் போட்டுத் தந்துட்டுப் போயிருக்கான். லீலாக்கா சொன்னாவ, அது நீங்க செய்ததாக்கும்னு. அதுல நான் எதை அமுக்கணும்?"

அவள் குரலில் எந்தக் குத்தலும் இல்லை. அக்காவின் காலுக்கும் அந்தச் சாதனத்துக்கும் உள்ள சம்பந்தம் அவளுக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினேன். "ஸ்டெல்லாக்கா, நீங்க அதுல ஒண்ணையும் அமுக்காண்டாம். மகனைத் தெனமும் போன்ல கூப்பிடச் சொல்லுங்க. அஞ்சு நிமிசம் பேசச் சொல்லுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள்.

"அவன் கூப்பிட மாட்டான் தம்பி. அதுக்குத்தானே இதைப் போட்டுத் தந்துட்டுப் போனான்."